மதியம் பூட்டாத கடை

பாத்திரக் கடையில் காலம் தள்ளியவனுக்குக் காது மந்தமாகிக்கொண்டே போகும், வாய் மட்டும் புளி போட்டுத் தேய்த்த பித்தளை மாதிரி நாளுக்கு நாள் பளபளப்பாகும்.

அப்படிப் பளபளப்பானவன் நான். புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிற ஒரு பாத்திரக் கடைக்கு மேனேஜர். வழி கேட்க வந்தவனுக்கு அண்டா விற்றவன். கடற்கரை எந்தப் பக்கம் என்று கேட்ட ஒரு டில்லிக்காரருக்கு ஆளுயரக் குத்துவிளக்கை விற்றேன். ரயிலில் விளக்கைப் பெர்த்தில் படுக்கவைத்துவிட்டு, அவர் ஊர்வரை நின்றுகொண்டே போனதாகக் கேள்வி. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இப்போது சொல்லப்போவது அதைவிடப் பெரிய சாதனை. எங்கள் கடையின் மதியத் தூக்கத்தைக் கலைத்தவன் நான்.

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணி ஒன்று அடித்தால் ஷட்டர் இறங்கும். நான்குக்குத்தான் மறுபடி ஏறும். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போகும்போது கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டான், மதியத் தூக்கத்தை மட்டும் நம்மிடமே விட்டுவிட்டான். உங்களில் யாராவது ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு பழக்கத்தை மாற்றக் கிளம்பி, நாற்காலியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போட்டதற்கே ஊர் முறைப்பை வாங்கியவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்த நோயாளிகள்.

டேப்போடு வந்தவர்

பெரிய முதலாளிக்கு முட்டி போய்விட்டதால் கடை அவர் மகள் வித்யாவிடம் வந்தது. சின்ன வயதில் கடைக்கு வந்தால் ஈயச் சொம்புக்குள் தலையை விட்டுக் கூவி எதிரொலி கேட்கிற குழந்தை. இப்போது சென்னையில் படித்துவிட்டு, கம்ப்யூட்டரும் கையுமாகக் கல்லாவில் உட்கார்ந்தது. பைபாஸில் திறந்திருக்கிற பெரிய கடைகள் மதியம் பூட்டுவதில்லை. கைபேசியில் வாங்குகிறவர்களுக்கோ மதியமும் இல்லை, ராத்திரியும் இல்லை. எங்கள் கடையில் வியாபாரம் சிறுத்துக்கொண்டே வந்தது.

ஒருநாள் தொப்பி போட்ட ஒருவர் உள்ளே வந்தார். பாத்திரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரைத் தடவினார், உத்தரத்தைப் பார்த்து உருகினார், பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். பழைய கட்டடமாகப் பார்த்து எடுத்து டூரிஸ்டுகளுக்குக் காபிக் கடை நடத்துகிறவராம். அடுக்கி வைத்திருந்த தட்டுகள் அவர் டேப் பட்டுச் சரிந்தபோது, “சத்தம்கூட நல்லா இருக்கு” என்றார். அவர் போனதும் வித்யா என்னைக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்:

“மேனேஜர் மாமா, ஊரே முழிச்சிட்டிருக்கறப்ப நாம ஷட்டரை இறக்கிட்டுத் தூங்கறோம். தீபாவளிக்குள்ள மதியம் கடை நடக்கும்னு காட்டுங்க. இல்லேன்னா பாத்திரத்தை எல்லாம் வித்துட்டு, கட்டடத்தை அவருக்கே விட்டுடறேன்.”

என் வீர உரை

கடையில் எட்டுப் பத்துப் பேர். அவர்களில் இரண்டு பேரைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் லூர்து, பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். மெஷினைக் கையில் எடுத்தால் ‘கிர்ர்’ரென்று ஒரே ஓட்டத்தில் மூன்று தலைமுறைப் பேரை வெட்டிவிடுவார், வாயைத் திறந்தால் அதைவிட வெட்டுவார். இன்னொருத்தி செல்வராணி, எவர்சில்வர் பகுதி அவளுடையது. நான் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்களா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். சம்பளச் சீட்டில் மேனேஜர் நான். மற்றபடி அவள்.

எல்லாரையும் அண்டா வரிசைக்கு முன்னால் நிற்கவைத்துப் பேசினேன். அப்படி ஒரு பேச்சை நம் சட்டமன்றம் கேட்டதில்லை. கடை போனால் நாமெல்லாம் எங்கே போவோம் என்று நான் கேட்டபோது, வரிசையில் நின்ற காமாட்சி விளக்குகள் எண்ணெயில்லாமலே ஒருமுறை எரிந்து அணைந்தன. திங்கட்கிழமையிலிருந்து மதியமும் கடை திறந்திருக்கும் என்று முடித்துவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்தினேன். எல்லாரும் செல்வராணியைப் பார்த்தார்கள். செல்வராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். லூர்து சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டே கேட்டார்:

“பேசி முடிச்சிட்டீங்களா அண்ணே? மணி ஒன்னாவுது.”

தனியாகத் திறந்தவன்

திங்கட்கிழமை மதியம் நான் ஒருவனே கடையைத் திறந்து வைத்தேன். தலைவன் என்றால் முன்னால் நிற்க வேண்டாமா? நின்றேன். ஆனி வெயில். தெருவில் நாய்கூட நிழலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நானும் இத்தனை வருஷம் மதியம் தூங்கிப் பழகிய உடம்புதான். நின்றபடியே, ஒரு பெரிய அண்டாவின் விளிம்பில் கையை ஊன்றி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிற வித்தை அன்றைக்குத்தான் எனக்குள் இருப்பது தெரிந்தது. அதுவும் எல்லாருக்கும் வராது.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் சம்சாரமும் வந்தார்கள். பேச்சுக் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போல இருந்தது. பால் கேனைத் தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், அடிப்பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். என்னையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் அந்த மனிதர் என் காதருகே குனிந்து, நல்ல மனசோடு சொன்னார்:

“நீங்க தூங்குங்க பெரியவரே. கேனு எடுத்துக்கினோம், துட்டு கல்லா மேல கீது. பேரமும் நாங்களே பேசிக் கொறைச்சிக்கினோம்.”

வயிற்றின்மேல் ஓடிய பஸ்

உத்தரவு போட்டுப் பார்த்தாயிற்று, முன்மாதிரியாக நின்றும் பார்த்தாயிற்று. அப்புறம்தான், ஆளாளுக்குப் போய்ப் பேசுவோம் என்று கிளம்பினேன். முதலில் லூர்து. தூக்கத்துக்காக உயிரை விடுகிற மனிதர். அவர் மசிந்தால் பாதிக் கடை மசிந்த மாதிரி. ஒரு மதியம் வாழைப்பழச் சீப்போடு நெல்லித்தோப்பில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மனிதர் குறட்டைவிட்டுக் கிடப்பார், எழுப்பி நாலு வார்த்தை பேசலாம் என்று கணக்கு.

உள்ளே லூர்து பாயில் மல்லாந்து கிடந்தார். அவர் மகன் வீட்டு ரெட்டைப் பிள்ளைகளில் ஒன்று வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று கால்மாட்டில் நின்று, செய்தித்தாளைக் கிழித்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் டிவி சீரியலில் யாரோ யாரையோ அறைகிற சத்தம். லூர்து கண்ணை மட்டும் மூடியிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும் பஸ்ஸைத் தூக்கி இறக்கிவிட்டு எழுந்தார். எனக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கப்பட்டது. “தூக்கத்தைக் கெடுத்துட்டேனா லூர்து?” என்றேன். அவர் என்னைத் தெரு முனைவரை அழைத்துக்கொண்டு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“இந்தப் பசங்க பொறந்ததுலேருந்து மதியம் தூங்கினதே இல்லண்ணே. கடையில சொல்லிடாதீங்க, மானம் போயிடும்.”

ஜப்பான்

என் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். கடைக்கு மேலே மச்சில் அட்டைப்பெட்டிகள் போட்டிருக்கிறோம். அதில் பாதியை ஒதுக்கினால் ஒரு கட்டில் போடலாம், மேலே ஒரு ஃபேன் மாட்டலாம். லூர்து அங்கேயே தூங்கட்டும். பேர் வெட்ட ஆள் வந்தால் ஒரு குரல் கொடுத்தால் போதும். வீட்டில் கிடைக்காத தூக்கம் கடையில் கிடைத்தால் எவன் வேண்டாம் என்பான்?

வித்யாவுக்கு இது பிடிக்கவில்லை. “தூங்கறதை நிறுத்தச் சொன்னா, தூங்கக் கட்டில் கேக்கறீங்களே மாமா” என்று முகத்தைச் சுளித்தாள். கீழே இருப்பவர்களை மட்டும் வளைத்தால் போதாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே இருப்பவரை வளைப்பதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. நான் சற்றும் யோசிக்காமல் அவிழ்த்துவிட்டேன். ஜப்பானில் வேலை நேரத்தில் ஆட்களைத் தூங்கவிடுகிறார்கள், அதற்கென்று அறையே வைத்திருக்கிறார்கள், குட்டித் தூக்கம் போட்டவன் இரண்டு மடங்கு வேலை செய்கிறான், நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே போய்த் தூங்கிவிட்டே வந்திருக்கிறார் என்று. என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்துத் தட்டினாள். நான் பைய நகர்ந்து பித்தளைப் பகுதிக்குப் போய், துடைத்த குடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அங்கேயே வந்தாள்:

“மாமா, நீங்க வழக்கம்போல அடிச்சு விட்டீங்கன்னு நெனைச்சேன். அந்த ஊர்க்காரரைத் தவிர மத்ததெல்லாம் நெசமாம். கட்டில் வாங்கிக்கோங்க.”

குறட்டை

லூர்து மச்சில் தூங்க ஆரம்பித்தார். வருஷக்கணக்கான தூக்கம் பாக்கியல்லவா? அந்தக் குறட்டையை நான் எப்படிச் சொல்லுவேன். முதல் மூச்சில் டம்ளர்கள் நகரும். இரண்டாவது மூச்சில் தட்டு அடுக்கு ‘ங்ங்’ என்று சுருதி சேரும். மூன்றாவதில் எதிர்த்த கடை நகைக்காரர் எட்டிப் பார்த்து, ஜெனரேட்டர் வாங்கிவிட்டீர்களா என்று கேட்பார். நானும் லூர்துவும் இரண்டு பேராகக் கடையைத் திறந்து வைத்திருந்த நாட்கள் அவை. ஒருவர் மேலே, ஒருவன் கீழே. ஆனாலும் தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது, அந்தக் கடை மதியமும் திறந்திருக்கிறது என்று. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு மணிக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிற கிராமத்துச் சனங்கள் ஒன்றிரண்டாக உள்ளே வரத் தொடங்கினார்கள்.

சீர்ப் பாத்திரம் வாங்க வந்த ஒரு பெண்மணி, சொம்பைக் கையில் எடுத்தவர் அப்படியே காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் காதில் வைத்தார். கடைசியில் என்னைப் பார்த்து, சந்தேகமே இல்லாமல் சொன்னார்:

“இது எல்லாத்துலயும் உள்ள எதுவோ கீதுங்க. உறுமாத சொம்பா ஒன்னு குடுங்க.”

அரியாங்குப்பம்

லூர்துவை வளைத்தால் பாதிக் கடை என்று நினைத்தேன் அல்லவா? லூர்துவை வளைத்தால் லூர்துதான். மற்றவர்கள் இன்னமும் செல்வராணி முகத்தையே பார்த்தார்கள். அவளோ ஒன்று அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு ஓடுவாள், நான்கு அடிக்கும்போது ஓடி வருவாள். அப்படி என்ன தூக்கம் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஒருநாள், அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி, அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஆற்றுப் பாலம் தாண்டி, அரியாங்குப்பத்தில் ஒரு சந்துக்குள் போய் நிறுத்தினாள்.

வாசற்படி தாண்டியதுமே செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் உள்ளே போனாள். கட்டிலில் அவள் மாமியார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட அம்மாள். செல்வராணி அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். ஊட்டும்போதே, “இன்னாம்மா, காலையிலேருந்து ஆரும் வர்லியா? நான்தான் வந்துட்டேன்ல” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். எல்லாம் முடிந்தபோது நேரமாகிவிட்டது. நின்றபடியே இரண்டு வாய்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். அன்றைக்குத் திரும்பி வரும்போது பாலத்தின்மேல் எனக்கு ஒரு குறை சொல்லத்தான் வந்தது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, காற்றில் சொன்னாள்:

“இத்தினி வருஷமா ஒரே கடையில நிக்கிறோம். மதியம் நான் எங்க போறேன்னு இன்னிக்குத்தானே அண்ணே வந்து பாக்கறீங்க.”

செல்வராணி ஏற்பாடு

மறுநாள் நான் பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. அவளிடம் போய், “மதியம் கடை திறந்திருக்கணும். இல்லேன்னா தீபாவளிக்கு அப்புறம் நமக்குக் கடையே இல்லை. எப்படிச் செய்யலாம்னு எனக்குத் தெரியலை, நீயே சொல்லு” என்றேன். என் வாயிலிருந்து ‘தெரியலை’ என்று வந்ததே கிடையாது. எனக்கே அந்த வார்த்தை புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

அவள் அன்றைக்குச் சாயந்திரமே ஆளாளாகக் கூப்பிட்டுக் கேட்டாள். ஒருத்திக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும். ஒருவருக்கு உழவர்கரையில் வீடு, போய்வரவே நேரம் போய்விடும்; அவருக்கு வீடு வேண்டாம், மச்சில் இன்னொரு கட்டில் போதும். இன்னொருவருக்குச் சாயங்காலம் சீக்கிரம் போகவிட்டால் மதியம் முழுக்க நிற்கச் சம்மதம். செல்வராணி தனக்குப் பன்னிரண்டுக்கு முன்னாலேயே கிளம்புகிற முறையை எடுத்துக்கொண்டாள். “அம்மாவுக்குப் பசிக்கிற நேரத்துக்குச் சோறு போவும்” என்றாள். நான் சொன்னபோது உத்தரவாக இருந்தது, அவள் சொன்னபோது ஏற்பாடாகிவிட்டது. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், முடிந்தது. எனக்கு மட்டும் ஒன்றிலிருந்து மூன்று வரை, வெயில் நேராக வந்து விழுகிற வாசலோரம். ‘வயசான மனுஷனுக்கு இதுவா?’ என்று நியாயம் கேட்டேன். அதற்கு அவள்:

“கடையைத் தெறக்கணும்னு கேட்டவரு நீங்கதானே அண்ணே? கேட்டவருதான் வாசல்ல நிக்கணும்.”

முசே சவேரியின் எதிர்ப்பு

உள்ளே எல்லாரும் சம்மதித்தபிறகு வெளியிலிருந்து ஒருவர் போர்க்கொடி தூக்கினார். முசே சவேரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அதனால் ஊருக்கு அவர் ‘முசே’, அதாவது ஐயா. தினம் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, பேப்பர் படித்துவிட்டு, எதுவும் வாங்காமல் போவார். மதியக் கடை என்று கேள்விப்பட்டதும் அவர் மீசை நேராக நின்றது. “சியெஸ்த் இல்லாத ஊரு ஊரா? மதியம் தூங்கறவன்தான் நாகரிகமானவன். எதிர்ப்புத் தெரிவிச்சு உங்க வாசல்லயே நிப்பேன்” என்றார். சொன்னபடியே மதியம் வந்து, வெயிலில் எனக்குப் பக்கத்தில் அட்டென்ஷனில் நின்றார். தனியாக நிற்பதற்குத் துணை கிடைத்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அது பாரீஸில் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்கள் வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, ஊர் வருகிற மாதம். நம் ஊர் முகம், நம் ஊர்ப் பேர், ஆனால் தமிழ் தொண்டைக்குள்ளேயே நிற்கிற இரண்டு இளம்பெண்கள் உள்ளே வந்து, கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி ஏதோ கேட்டார்கள். நான் மாவரைக்கிற மெஷினைக் காட்டினேன், தயிர் கடைகிற மத்தைக் காட்டினேன். அதைப் பொறுக்க முடியாமல் முசே சவேரி அட்டென்ஷனைக் கலைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொன்னார். அவர்கள் கேட்டது முறுக்கு அச்சு. அப்புறம் அவர் நிற்கவில்லை. இடியாப்பத் தட்டு எப்படி, பணியாரக் கல்லில் எண்ணெய் எவ்வளவு என்று பிரெஞ்சில் கையாலும் மீசையாலும் விளக்கினார். அந்தப் பெண்கள் இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு, ‘மெர்சி, தாத்தா’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் அவர்களுடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். முசே மீசையைத் தடவிக்கொண்டு என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

“மேனேஜர், நாளைக்கும் வருவேன். எதிர்ப்புத் தெரிவிக்கத்தான் வரேன், வேற ஒன்னுமில்ல.”

நடிக்க வந்தவர்கள்

மதிய வியாபாரம் மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் நாள் முழுக்க ஊற்றுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறான். வித்யா சொல்லிவிட்டாள், புதன்கிழமை மதியம் காபிக் கடைக்காரரை அழைத்துக்கொண்டு வருகிறேன், கடையைப் பார்த்துவிட்டு அங்கேயே முடிவு சொல்லிவிடுகிறேன் என்று. வெறும் கடையைப் பார்த்தால் என்ன முடிவு வரும்? இரண்டு நாள் வாசலில் நின்று தெருவில் போகிற குடைகளை எண்ணினேன். மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது. என் சம்சாரம் கமலா, அவளோடு கடற்கரையில் வாக்கிங் போகிற ஏழெட்டுப் பெண்கள், எனக்கு முடிவெட்டுகிற சண்முகம், அவர் கடையில் காத்திருந்த இரண்டு பேர் என்று ஒரு படையையே திரட்டினேன். கட்டளை ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள், விலை கேளுங்கள், எதையும் வாங்கவேண்டாம். செல்வராணியிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் பிடிக்காது.

அதுதான் வினையாகிப்போனது. குடையும் நனைந்த புடவையுமாகக் கூட்டம் உள்ளே வந்ததும், மாமியாருக்கு ஊட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த செல்வராணி, தலையைக்கூடத் துவட்டாமல் இறங்கிவிட்டாள். விலை கேட்ட பெண்ணிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். எத்தனை பேர் என்று சொன்னவளிடம் தீபாவளிக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டாள். அதற்குமேல் எந்தப் பெண்ணால் வெறுங்கையோடு போக முடியும்? மற்றவர்களும் அவரவர் பகுதியில் நின்று அதையே செய்தார்கள். சத்தம் கேட்டு, யாரும் கூப்பிடாமலே லூர்து மச்சிலிருந்து இறங்கி வந்து மெஷினை மாட்டினார். பேர் வெட்டிய பாத்திரத்தைத் திருப்பித் தர முடியாது, அது பாத்திரக் கடைச் சட்டம். கமலா வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுவதற்குள் ‘கிர்ர்’ரென்று அவள் பேரை ஒரு கல்யாண இட்லிக் குண்டானில் வெட்டிவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சண்முகம் வெந்நீர் அண்டாவைத் தோளில் சுமந்துகொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து வித்யாவோடு உள்ளே வந்த காபிக் கடைக்காரர் டேப்பைப் பிரித்தார். ஒரு முழத்துக்குமேல் இழுக்க இடமில்லை. முசே சவேரி அவரை மடக்கி, டவரா டம்ளரில் காபி ஆற்றுவதைப் பற்றிப் பிரெஞ்சில் பாடம் எடுத்து, ஒரு பெட்டி டவராவைத் தலையில் கட்டி அனுப்பினார். எல்லாரும் போனபிறகு வித்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. நான் நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் சொன்னாள்:

“நீலப் புடவை கமலா அத்தைன்னு எனக்குத் தெரியாதா மாமா? நடிக்க வந்தவங்களுக்கே வித்து அனுப்பியிருக்காங்க. இவங்களை வெச்சிக்கிட்டு நான் கட்டடத்தை எதுக்கு வாடகைக்கு விடணும்?”

மச்சில் ஒரு கட்டில்

தீபாவளி போய், பொங்கலும் போயிற்று. மதியம் எங்கள் கடையில் நிற்க இடமில்லை என்று சொன்னால் அது என் வழக்கமான அளப்பு. நிற்க இடமிருக்கிறது, ஆனால் ஆளும் இருக்கிறார்கள். இந்தத் தெருவில் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். நானும் ஒன்று விடாமல், நடந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே, விளக்கிச் சொல்லி அனுப்பினேன். போகிற வழியில் அவர்கள் செல்வராணியிடமும் கேட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

போன வாரம் ஒரு மதியம், திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு டில்லிக்காரர் குத்துவிளக்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு பெர்த்தில் ஏறிப் படுக்கிற கட்டம். குடும்பமே கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்துவிட்டன. செல்வராணி வந்து என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, மாடிப்படிப் பக்கம் தள்ளினாள். ஏற்பாட்டை மாற்றிவிட்டாளாம், ஒன்றிலிருந்து மூன்று வரை இனி எனக்கு வாசல் இல்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லிச் சம்மதிக்க வைத்தவன் நான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் படியேறினேன். பின்னாலேயே அவள் குரல் வந்தது:

“மேல போய்ப் படுங்கண்ணே, கடையை நாங்க பாத்துக்கறோம். நீங்க கீழ நின்னா கஸ்டமரு கதை கேட்டுட்டுப் போறாங்க, பாத்திரம் வாங்க மாட்டேங்கறாங்க.”

ஒரு கடையை மாற்றிக் காட்டிய தலைவனுக்கு ஊர் தருகிற பெரிய மரியாதை அவனைத் தூங்கப் போகச் சொல்வதுதான் போலிருக்கிறது, அந்த மரியாதையை இப்போது நான் தினமும் இரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்து ஏற்றுக்கொள்கிறேன்.